வாக்கும் வடமும்

கண்டதேவித் தேருக்கு நான்கு வடங்கள். தேவகோட்டையை அடுத்த இச்சிற்றூரின் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலில் ஆனித் திருவிழாவின்போது தேர் நிலையை விட்டுப் புறப்படும். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்னும் நான்கு நாடுகளுக்கும் ஆளுக்கொரு வடம் என்பது நெடுங்கால வழக்கம். நாடு என்று இங்கே சொல்வது தேசத்தையன்று; பல ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதியை. அதன் தலைமக்கள் நாட்டார். அம்பலகாரர் என்றும் அழைப்பதுண்டு. யாருக்கு எந்த வடம், யார் முதலில் தொடுவது, யாருக்கு முதல் மரியாதை என்பனவெல்லாம் தலைமுறை தலைமுறையாக வரையறுக்கப்பட்டவை. அந்த வரையறைக்குள் தங்களுக்கும் இடம் வேண்டும், தாங்களும் வடம் பிடிப்போம் என்று இவ்வட்டாரத்துத் தலித் மக்கள் கேட்டது 1990களின் இறுதியில் உயர்நீதிமன்றம்வரை சென்ற வழக்காயிற்று.

வாக்குரிமையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுத் தேர்வடத்தில் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. செட்டிநாடும் அதைச் சூழ்ந்த பழைய இராமநாதபுரம் மாவட்டமும் வாக்குச் சீட்டைப் பெற்ற கதையை, வடத்தின் கதையிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பது நம் எண்ணம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை இங்கு வந்தபோது ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. அதே உரிமை ஊர்ப் பொதுவிடத்து நாற்காலிவரை வந்தபோதுதான் கத்தி எடுத்தது. இந்த வேறுபாடு ஏன் என்பதே நம் கேள்வி.

*

போருக்குப் பின் வாக்குரிமை விரிவடைதல் என்றதும் வரலாறு படித்தோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கா. 1865ல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைமுறை ஒழிந்தது. 1870ல் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்னைய அடிமை நிலையையோ காட்டி எவருடைய வாக்கையும் மறுக்கலாகாது என்றது. அதே ஆண்டு மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட் சபைக்குள் நுழைந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன்பு எவரும் கனவிலும் கண்டிராத காட்சி.

ஆனால் அக்காலத்தின் மிகக் கொடிய படுகொலை ஒன்று செனட் பதவிக்காக நடந்ததன்று. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்துக்காக நடந்தது. 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் இரு தரப்பும் வென்றதாகச் சொல்லின; அவ்வூரின் ஷெரீப் யார், நீதிபதி யார் என்பதே தகராறு. கறுப்பின மக்கள் கட்டடத்தைக் காத்து நின்றனர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் அதைத் தாக்கியது. இறந்த கறுப்பினத்தவர் தொகை அறுபதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையே பலவாறு கணிக்கப்படுகிறது. தண்டனை பெற்ற மிகச் சிலரையும் 1876ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பிறகு மத்தியப் படைகள் தெற்கிலிருந்து கைவாங்கின. 1890லிருந்து மிசிசிப்பியும் பிற தென்மாநிலங்களும் தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வைத்துக் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து உதிர்த்தன. 1965ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பதினைந்தாவது திருத்தம் தென்மாநிலங்களில் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

இதைத் தொலைதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கோல்ஃபாக்ஸைப் போன்ற ஊர் நமக்கு வெகு அருகில், மேலூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கே போவதற்குமுன் நம் மண்ணில் நடந்த போரையும் அதன்பின் நேர்ந்ததையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

*

1801ல் சிவகங்கையில் நடந்ததை நாம் வெள்ளையரை எதிர்த்த போர் என்றே படித்திருக்கிறோம். அது சரியே. ஆனால் அதற்குள் இன்னொரு போரும் இருந்தது. மருது சகோதரர்களுக்கு எதிராகப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் வாரிசாகக் கம்பெனி முன்னிறுத்தியது. சீமையின் மக்கள் இரு பக்கமும் பிரிந்து நின்றனர். அவ்வகையில் அது ஒரு வாரிசுரிமைப் போர், உள்நாட்டுப் போரும்கூட. காளையார்கோயில் வீழ்ந்தது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட பலர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். கௌரி வல்லபர் ஜமீன்தாரானார். சிவகங்கை நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் வந்தது.

அமெரிக்கப் போருக்குப் பின் வாக்கு வந்தது; இந்தப் போருக்குப் பின் வரி ரசீதுதான் வந்தது. ஆயுதம் ஏந்தும் உரிமையும் படை திரட்டும் உரிமையும் பறிபோயின. பறிபோகாமல் எஞ்சியது ஒன்று உண்டு: கோயில் மரியாதை. நாட்டார் கூட்டம், முதல் மரியாதை, பரிவட்டம், வடம் இவற்றில் கம்பெனி பெரிதாகக் கைவைக்கவில்லை. ஆகவே ஆட்சி இழந்த ஒரு சமூகத்தின் அரசியல் முழுவதும் மெல்ல மெல்ல அந்த மரியாதைகளுக்குள் குடிபுகுந்தது. யார் மேல், யார் கீழ் என்பதை ஆண்டுதோறும் ஊரறிய அறிவிக்கும் இடமாகத் தேர் ஆனது. அதற்கு வாக்கெடுப்பு இல்லை. பிறப்பே போதும்.

வாக்கு நூறாண்டுகளுக்குப் பின்னரே மெதுவாக வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1920ல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றோர் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே. நிலமும் வரியும் உடையோர்க்கே வாக்கு. 1921ல் சென்னை மாகாணம் பெண்களுக்கும் வாக்களித்தது. ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு. இராமநாதபுரம் மாவட்டத்தில் இதன் பொருள் என்ன? ஜமீன்தாருக்கு வாக்கு உண்டு, கானாடுகாத்தானில் மாளிகை கட்டிய நகரத்தாருக்கு உண்டு, காணி நிலமுள்ள நாட்டாருக்கு உண்டு. அந்நிலத்தில் நாற்று நட்டவர்க்கு இல்லை.

*

நாம் இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய மாதம் ஒன்று உண்டு. 1930 டிசம்பர்.

அம்மாதம் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அங்கே அமர்ந்திருந்தவர்கள் இருவர்: அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். வயது வந்த அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று.

அதே டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சமூகத்தார் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக்கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூச்சூடக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது. இத்தடைகளை மீறியோரின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துச் சொந்தமாகப் பயிரிடக்கூடாது என்பது இன்னொன்று.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். தடை செய்யப்படுவது அநேகமாக அதற்குமுன் செய்யப்பட்டுக்கொண்டிருந்ததுதான். சட்டையும் குடையும் நகையும் பித்தளைக் குடமும் பள்ளிக்கூடமும் சேரிக்குள் நுழைந்துவிட்டன என்பதையே இத்தடைகள் சொல்லாமல் சொல்கின்றன. அவற்றை வாங்கும் காசும் வந்திருக்க வேண்டும். கடல் கடந்து உழைக்கப் போனவர்கள் இம்மாவட்டத்தில் அக்காலத்தில் ஏராளம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். நாட்டார் அஞ்சியது சட்டைத் துணிக்கு அன்று, அதை அணிந்தவன் நிமிர்ந்து நடக்கும் நடைக்கு.

நாட்டார் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்று கொள்வது பிழை. ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. காரைக்குடிக்கு அருகே சிராவயலில் ஜீவா ஆசிரமம் நடத்தியதும், 1927ல் காந்தி அங்கே அவரைக் கண்டதும் இதே மண்ணில்தான். 1934ன் தொடக்கத்தில் ஹரிஜன யாத்திரையாகத் தேவகோட்டைப் பகுதிக்கு வந்த காந்தி, நாட்டார்களிடமே இதைப் பற்றிப் பேசினார். ஆயினும் நல்லெண்ணத்தால் மட்டும் இந்த முடிச்சு அவிழவில்லை.

லண்டனில் கேட்டது உடனே கிடைக்கவில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தால் சென்னை மாகாணச் சட்டசபையில் 30 தனித்தொகுதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் மூன்று கோடிக்கு மேற்பட்டோரை வாக்காளராக்கியது. எஞ்சிய பெரும்பான்மையோர் காத்திருந்தனர்.

இங்கே கடலுக்கு அப்பாலும் ஒரு பார்வை வேண்டும். செட்டிநாட்டின் வட்டித் தொழில் நடந்த இலங்கையில், 1931ல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரில் ஒரு பகுதியினர், வதிவிடக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு வாக்காளராயினர். ஊரில் சட்டை போடக் கூடாதவரின் உறவினர் கண்டிச் சீமையில் வாக்குச் சாவடிக்குச் சென்றார். ஆனால் 1948ன் குடியுரிமைச் சட்டமும் 1949ன் தேர்தல் திருத்தமும் மலையகத் தமிழர் பெரும்பாலோரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டன. இங்கே அவர்கள் உறவினர்க்கு வாக்கு வரவிருந்த தறுவாயில், அங்கே அவர்களுக்கு வாக்கு போயிற்று. வாக்குரிமை ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்று நம்புவோர் இந்த ஒரு குடும்பக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

*

1951–52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இந்தியாவில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராக இருந்தனர். அமெரிக்கா போரிட்டும் நூறாண்டு தட்டுத்தடுமாறியும் அடைந்ததை, நாம் அரசியல் நிர்ணய சபையின் ஒரு பிரிவால் அடைந்தோம். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்திருந்தது. பண்ணையாளும் அம்பலமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் இடம்பெற்றனர்.

அந்தப் பட்டியலின் முழு வலிமையும் 1957ல் தெரிந்தது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் மக்களவைக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒருசேர வென்றார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக் வென்றது. தேவேந்திரகுல மக்களில் பலர் காங்கிரஸ் பக்கம் நின்றிருந்தனர். தேர்தலில் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது ஊர்ப் பகையாக மாறியது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்துக்கு, முன்னாள் ராணுவ வீரரான இம்மானுவேல் சேகரன் தம் மக்களின் பிரதிநிதியாக வந்தார். அவரை நிகரான தலைவராக ஏற்பதா என்ற கேள்வி அங்கே எழுந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. தொடர்ந்து மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் மறவர் ஐவரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவரை 1959ல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அந்தக் கூட்டத்தில் எழுந்த கேள்வியைக் கவனிக்க வேண்டும். இம்மானுவேல் சேகரன் வாக்களிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அதை அரசியலமைப்பு முடித்துவிட்டது. அவர் எதிரே சமமாக உட்காரலாமா என்பதே கேள்வி.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே தொடங்குகிறது. டெல்லிக்குப் போகும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, ஊருக்குள் எதையும் மாற்றுவதில்லை. தனித்தொகுதியில் ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினரானால் அவர் சென்னைக்குப் போய்விடுவார். ஊராட்சித் தலைவர் எங்கும் போகமாட்டார். கண்மாயின் மீன் பாசி ஏலம், கருவேல மர ஏலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் இறங்குவது என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றுபவர் அவர். ஊர் இதுவரை யாரை நிற்க வைத்துப் பேசியதோ அவர்முன் ஊரே மனுவோடு நிற்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், ஊராட்சித் தலைவர் பதவி ஒரு முதல் மரியாதை. பிறப்பால் வந்த மரியாதையை வாக்குச்சீட்டு எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. இதற்குச் சில கல் தொலைவிலுள்ள உஞ்சனையில் 1979ல் கோயில் விழாவையொட்டித் தலித்துகள் ஐவர் கொல்லப்பட்டதை இத்துடன் சேர்த்து எண்ணலாம். வடத்துக்கு வந்த கோபமும் நாற்காலிக்கு வந்த கோபமும் வேறு வேறல்ல.

*

எழுபத்து மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினர்க்கு இடமும், மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு இடமும் கட்டாயமாயின. தமிழ்நாட்டில் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது.

சிவகங்கை மாவட்டத்தை ஒட்டிய மேலூர் வட்டத்தில் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுச் செய்தவர்கள் மிரட்டப்பட்டனர். முதல் தேர்தல் நின்றது. டிசம்பர் 28 அன்று நடந்த தேர்தலில் வாக்குப்பெட்டிகள் பறிபோயின. டிசம்பர் 31 அன்று காவல் பாதுகாப்புடன் மீண்டும் நடத்தப்பட்ட தேர்தலில் முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, தம் அலுவலகத்தில் அச்சமின்றி உட்கார அவரால் இயலவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், அவரும் துணைத் தலைவர் மூக்கனும் வேறு நால்வரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. 2001ல் சேலம் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டனைக் காலம் முடியுமுன்னரே சிலர் 2008லும், பதின்மூவர் 2019 நவம்பரிலும் விடுவிக்கப்பட்டனர்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் வேறொரு முறை கையாளப்பட்டது. கத்திக்குப் பதில் காலி நாற்காலி. தேர்தல் அறிவிப்பு வரும். எவரும் மனுச் செய்யமாட்டார். அல்லது ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் மட்டும் மனுச் செய்வார், வெல்வார், பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். மீண்டும் அறிவிப்பு, மீண்டும் விலகல். பத்தாண்டுகள் இப்படியே ஓடின. சட்டத்தை எவரும் மீறவில்லை. சட்டத்தின் சொற்களை ஒவ்வொன்றாகக் கடைப்பிடித்தே அதன் பொருளைக் கொன்றார்கள். மிசிசிப்பியில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தவர்களும் இதே கலையில் தேர்ந்தவர்களே. 2006 அக்டோபரில் அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊராரோடு பலமுறை பேசி, நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். நவம்பரில் சென்னையில் அவர்களுக்குச் சமத்துவப் பெருவிழா எடுக்கப்பட்டது. கலைஞர் கருணாநிதி அப்போது முதலமைச்சர். ஒரு குடியரசில் நான்கு ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றதற்கு விழா எடுக்க வேண்டியிருந்தது என்பதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் வைத்துக்கொள்வதே நேர்மை.

இந்த நால்வரைவிட, மேலவளவில் அந்த டிசம்பர் 31 அன்று வரிசையில் நின்ற வாக்காளர்களையே நாம் அதிகம் நினைக்கிறோம். இரண்டு முறை தேர்தல் குலைந்தபின், மறுநாள் காவலர் போய்விடுவர் என்று தெரிந்தும், மூன்றாம் முறை வாக்களிக்க வந்தார்கள். அரசியலமைப்பின் ஒரு பிரிவு உயிர்பெற்றது அவர்கள் காலில்.

*

கண்டதேவித் தேர் சில ஆண்டுகள் காவல் சூழ ஓடியது. பின் பல ஆண்டுகள் நின்றுபோனது. தேர் பழுது, திருப்பணி எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. உயர்நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின், 2024 ஜூனில் பெரும் காவலுடன் அது மீண்டும் ஓடியது. பலதரப்பினரும் வடம் பிடித்தனர். அன்று வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் கதை முடிந்துவிட்டதாக எழுத நமக்கு மனம் வரவில்லை. 2020ல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்ற உறுப்பினர் நாற்காலியில் அமர்ந்திருந்த படத்தைத் தமிழகமே பார்த்தது. அமெரிக்காவில் 1965ன் வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான காப்பு ஒன்றை 2013ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செயலிழக்கச் செய்தது. கோல்ஃபாக்ஸ் படுகொலையை வெள்ளையரின் வெற்றியாகப் போற்றிய அறிவிப்புப் பலகையோ 2021வரை அவ்வூரில் நின்றது.

வாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு, கொடுத்த சொல். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பார்கள் நம் ஊரில். 1950ல் இந்நாடு தன் மக்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த வாக்கு, சீட்டைப் பெட்டியில் போடுவதோடு தீர்ந்துவிடவில்லை. போட்ட சீட்டால் வென்றவர் தம் ஊரில், தம் நாற்காலியில், முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, மாலையில் பேருந்தேறி உயிரோடு வீடு திரும்புவதுவரை அது நீள்கிறது. மேலவளவு முருகேசனுக்குக் கொடுத்த அந்த வாக்கை நாம் காப்பாற்றவில்லை. அடுத்தவருக்காவது காப்பாற்ற வேண்டும்.